விடியும்வரை எரிய வேண்டிய விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொண்டு இரவெல்லாம் எரியும் சிறிய எல்இடி விடிவிளக்கை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் தாயாருக்கு எண்பது வயதாகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து நடப்பார். காற்று மழையில் கரண்ட் போய்விட்டால் அவர் எங்கே தடுக்கி விழுவாரோ என்று தூக்கமே வருவதில்லை. எனக்கு ஓரளவு ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரியும். நானே செய்யக்கூடிய ஒரு விளக்கைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

அம்மா, உங்கள் கவலை இந்த மலையில் பல வீடுகளில் உள்ள கவலைதான். பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் இருக்கும் மாவட்டம் இது. இங்கே பிறக்கும் மின்சாரம் சமவெளிக்கு இறங்கிப் போகிறது. ஆனால் ஜூலை மாதக் காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பியின் மேல் சாய்ந்துவிட்டால், ஒரு ஹட்டி, அதாவது ஒரு படுகர் ஊர், முழுவதும் மறுநாள் மாலைவரை இருட்டில் கிடக்கிறது. ஆகவே உங்கள் தாயாரின் விளக்கு, கரண்டையும் நம்பாமல், அன்றன்றைய வெயிலையும் நம்பாமல் எரிய வேண்டும். சமவெளிக்காக எழுதப்பட்ட செய்முறைகள் ஒரு பகல் வெயில் ஒரு இரவு வெளிச்சத்துக்கு என்று கணக்குப் போடுகின்றன. நமக்கு அந்தக் கணக்கு உதவாது. பத்து நாள் மேகம் மூடிக்கிடந்தாலும் பதினோராவது நாள் இரவில் விளக்கு எரிய வேண்டும் என்பதே நாம் போட வேண்டிய கணக்கு.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 6 வோல்ட், 1 வாட் அளவுள்ள சிறிய சோலார் பேனல் ஒன்று. மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ஏஏ செல்கள் மூன்று, ஒவ்வொன்றும் 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ளவை, அவற்றை வரிசையாக வைக்க ஒரு செல் பெட்டி. மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5819 என்ற ஷாட்கி டையோடு ஒன்று, சுவிட்சாக வேலை செய்யும் பிசி557 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று, மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி ஒன்று. 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர், 100 ஓம் ரெசிஸ்டர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆகியவற்றில் ஒவ்வொன்று. செல் வாங்கும்போது நீண்ட நாள் மின்னைத் தேக்கி வைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வகைச் செல்கள் சும்மா இருக்கும்போதே மாதந்தோறும் கணிசமான மின்னை இழந்துவிடும். வெயிலில்லாத மாதங்களில் அந்த இழப்பும் விளக்கு குடிக்கும் மின்னோடு சேர்ந்துகொள்ளும்.

இணைப்பு இப்படி. பேனலின் பாசிட்டிவ் கம்பியிலிருந்து 33 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் டையோடு, டையோடின் வெள்ளி வளையம் உள்ள பக்கம் செல் பெட்டியின் பாசிட்டிவுக்குப் போக வேண்டும். பேனலின் நெகட்டிவும் செல் பெட்டியின் நெகட்டிவும் நேராக இணைய வேண்டும். இனி டிரான்சிஸ்டர். அதன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள் வரும். எமிட்டரைச் செல் பெட்டியின் பாசிட்டிவில் பற்றவையுங்கள். பேஸை நேராகப் பேனலின் பாசிட்டிவில், அதாவது 33 ஓம் ரெசிஸ்டருக்கு முன்னால் இணையுங்கள். அதே பேஸிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் நெகட்டிவுக்குப் போகட்டும். கலெக்டரிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்இடியின் நீளமான காலுக்கும், குட்டையான காலிலிருந்து நெகட்டிவுக்கும் வயர் கொடுத்தால் வேலை முடிந்தது.

இதில் தனியாக ஒளி உணரி எதுவும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பேனலே அந்த வேலையைச் செய்கிறது. பகலில் பேனலின் வோல்டேஜ் செல்களின் வோல்டேஜைவிட உயர்ந்து நிற்பதால் டிரான்சிஸ்டர் மூடிக்கிடக்கிறது. இருட்டியதும் பேனல் ஓய்ந்துவிட, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பேஸைக் கீழே இழுக்கிறது, விளக்கு தானாக எரிகிறது. உங்கள் தாயார் எந்தச் சுவிட்சையும் தேட வேண்டியதில்லை.

33 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள், பல செய்முறைகளில் அது இருப்பதுமில்லை. ஜனவரி முதல் ஏப்ரல்வரை நம் மலையில் வெயில் தெளிவாக அடிக்கும். அப்போது இந்தப் பேனல் 160 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் தரும். விளக்குக்கு ஓர் இரவில் தேவையானதோ அதன் அரை மணி நேர உற்பத்திதான். மீதி மணி நேரமெல்லாம் நிரம்பிவிட்ட செல்களிலேயே மின் பாய்ந்துகொண்டிருந்தால் அவை சூடாகி, நாளடைவில் ஆயுள் குறையும். இந்த ரெசிஸ்டர் நல்ல வெயிலில் மின்னோட்டத்தை ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். மேகமூட்டத்தில் வருவதோ 15 மில்லி ஆம்பியர்தான். அந்தச் சிறு ஓட்டத்தில் ரெசிஸ்டர் விழுங்குவது அரை வோல்ட், 6 வோல்ட் பேனலுக்கு அது சுமையே இல்லை. வெயிலில் கட்டுப்படுத்தி, மேகத்தில் விட்டுக்கொடுக்கும் இந்தக் குணம் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருளில் இருக்கிறது.

எரியும் கணக்கையும் பார்த்துவிடுவோம். எல்இடி சராசரியாக 7 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு, டிரான்சிஸ்டரின் சிறு பங்கையும் சேர்த்து, 90 மில்லி ஆம்பியர் மணிக்குள் அடங்கும். 2000-இல் பாதியைத்தான் நம்புகிறோம் என்று வைத்துக்கொண்டாலும் பத்து இரவுகளுக்கு மேல் ஒரு துளி வெயிலும் இல்லாமல் விளக்கு எரியும். மூன்று செல்களின் மொத்த வோல்டேஜ் 3-க்குக் கீழே இறங்கும்போது வெள்ளை எல்இடி தானாகவே மங்கிவிடுவதால், செல்கள் அடியோடு வற்றிப்போய்க் கெடுவதும் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

விளக்கைக் கூரையில் மாட்டாதீர்கள். முழங்கால் உயரத்தில், ஒளி தரையிலும் வாசற்படியிலும் விழுமாறு, கண்ணில் படாதபடி ஒரு சிறு மறைப்புடன் பொருத்துங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இந்த வெளிச்சம் தாராளம். செல் பெட்டியும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பேனல் மட்டும் வெளியே இருந்தால் போதும். ஐந்து மீட்டர் வயர் இழுத்தாலும் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் இழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல.

எங்கள் பக்கம் ஜூன் மாதம் மழை பிடித்தால் ஆகஸ்ட் முடியும்வரை சூரியனையே பார்ப்பதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் இந்த விளக்கு உண்மையிலேயே எரியுமா, அல்லது இது கோத்தகிரிக்காரர்களுக்கு மட்டுமா?
– தோட்டத் தொழிலாளர் ஒருவர், பந்தலூர்

நியாயமான கேள்வி. கோத்தகிரியும் குன்னூரும் வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனைகின்றன. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கமோ தென்மேற்குப் பருவமழையை நேராக மார்பில் வாங்கும் சரிவு. ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் இருவருக்கும் ஒரே விளக்கைச் சொல்வது சரியாகாது.

மேகம் மூடிய பகலில் பேனல் முழு வெயிலில் தருவதில் பத்தில் ஒரு பங்கைத் தரும் என்று கொள்ளலாம். மழை கொட்டும் நாளில் அதிலும் பாதிதான் கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு என்றால் 16 மில்லி ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 96 ஆகிறது. செல்லுக்குள் போய்ச் சேருவதில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 65 மில்லி ஆம்பியர் மணி மிஞ்சும். தேவை 90, ஆகவே நாள்தோறும் 25 குறைகிறது. கையிருப்பு ஆயிரம் இருந்தால் நாற்பது நாள் தாங்கும். ஆனால் கிடைப்பது இருபதில் ஒரு பங்கு மட்டும் என்றால் பதினேழு, பதினெட்டு நாளிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். உங்கள் ஊரில் இந்த இரண்டாவது கணக்கையே நான் எடுத்துக்கொள்வேன்.

செலவில்லாத தீர்வை முதலில் செய்யுங்கள். 100 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 220 ஓம் போடுங்கள். மின்னோட்டம் பாதியாகும், ஆனால் வெளிச்சம் பாதியாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றாது, ஏனென்றால் மங்கிய ஒளியில் நம் கண் ஏற்றத்தாழ்வைக் குறைத்தே காட்டும். அதற்கு மேலும் வேண்டுமானால் அதே 6 வோல்ட் பேனல் இன்னொன்றை முதல் பேனலோடு இணையாக, பாசிட்டிவுக்குப் பாசிட்டிவும் நெகட்டிவுக்கு நெகட்டிவுமாக இணைத்துவிடுங்கள். கோடையில் இரண்டு பேனல்களும் சேர்ந்து செல்களை வாட்டுமோ என்ற அச்சம் வேண்டாம், 33 ஓம் ரெசிஸ்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். இவை இரண்டையும் செய்துவிட்டால் உங்கள் விளக்கு ஆடி மழையையும் கடந்துவிடும் என்று தயங்காமல் சொல்வேன்.

பேனலை வைக்கும் முறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி தொலைவில் இருப்பதால், பேனலைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மேகமூட்டத்தில் ஒளி ஒரு திசையிலிருந்து வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் பரவி வருகிறது. ஆகவே மழை மாதங்களில் பேனல் எவ்வளவு வானத்தைப் பார்க்கிறதோ அவ்வளவு நல்லது. 15 டிகிரி சாய்வு போதும். மழைநீர் தேங்காமல் வழிந்தோட அந்தச் சாய்வு அவசியம். அதற்கு மேல் சாய்த்தால் வானத்தில் ஒரு பகுதியைக் கூரைக்கும் மலைக்கும் கொடுத்துவிடுவோம். சில்வர் ஓக் மர நிழலையும் பாருங்கள். பேனலுக்குள் இருக்கும் துண்டுகள் சங்கிலிபோல வரிசையாக இணைந்தவை. ஒரே ஒரு துண்டின் மேல் இலை ஒட்டிக்கொண்டாலும் முழுச் சங்கிலியின் மின்னோட்டமும் அந்தத் துண்டின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த லித்தியம் செல்கள் என்னிடம் சில இருக்கின்றன. அவற்றைப் பேனலோடு ஒரே பெட்டியில் வைத்துத் தோட்டத்தில் நட்டுவிடலாமா? டிசம்பர் கடைசியில் இங்கே புல்வெளி வெள்ளையாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– கல்லூரி மாணவர், உதகமண்டலம்

தம்பி, வேண்டாம். உங்கள் ஊர் உறைபனியைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், காரணமும் அதிலேயே இருக்கிறது. லித்தியம் அயன் செல்லை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்னேற்றினால், உள்ளே போய்ச் சேர வேண்டிய லித்தியம் நெகட்டிவ் தகட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பாது, செல்லின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், நாளடைவில் உள்ளுக்குள்ளேயே மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பற்றும் அபாயமும் உண்டு. தோட்டத்துப் பெட்டியில் இரவெல்லாம் விறைத்துப்போன செல்லின் மேல் காலை ஏழு மணி வெயில் பட்ட பேனல் மின்னைச் செலுத்தத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் செல் மிகக் குளிர்ந்து இருக்கும்.

பழைய லேப்டாப் செல்களில் இன்னொரு சிக்கல், எது நலிந்தது, எது நல்லது என்பது வெளியே தெரியாது. லித்தியம்தான் வேண்டுமென்றால் புதிய செல் ஒன்றும், 4.2 வோல்ட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய டிபி4056 பலகை ஒன்றும் வாங்கி, இரண்டையும் வீட்டுக்குள் வைத்து, பேனலை மட்டும் வெளியே வையுங்கள். அப்போதும் பேனலின் வோல்டேஜைக் குளிர்ந்த காலையில் ஒருமுறை மல்டிமீட்டரால் பாருங்கள். சிலிக்கான் பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் கூடும் தன்மையுடையது. 25 டிகிரியில் 7.2 வோல்ட் காட்டுவது 5 டிகிரியில் 7.6 வோல்ட்டைத் தொடும். அந்தப் பலகை தாங்கும் உச்சமோ 8 வோல்ட்தான். இவ்வளவு விழிப்பு தேவைப்படும் பொருளை விட, ஒரு விடிவிளக்குக்கு நிக்கல் செல்களே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கடைவீதியில் நான்கு தோட்ட விளக்குகள் வாங்கிப் பாதையில் நட்டேன். முதல் மழைக்கே இரண்டு அணைந்துவிட்டன. தூக்கி எறிந்துவிடுவதா?
– இல்லத்தரசி, குன்னூர்

எறியாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் கெடுவது சில ரூபாய்ப் பொருள்தான். அந்த விளக்கின் அடிமூடியைத் திறந்தால் 1.2 வோல்ட் செல் ஒன்றும், நான்கு கால்களுள்ள சிறிய சில்லு ஒன்றும், ரெசிஸ்டரைப் போலவே தோற்றமளிக்கும் சுருள் ஒன்றும் இருக்கும். வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் வேண்டும், செல் தருவதோ 1.2 வோல்ட். சில்லும் சுருளும் சேர்ந்து மின்னை வேகமாக விட்டு விட்டுத் தள்ளி வோல்டேஜை உயர்த்துகின்றன. இந்தச் சில்லு அரிதாகவே கெடும். செல்லைத் தாங்கும் தகடுகளிலும் சுவிட்சிலும் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். செல்லிலிருந்து கசிந்த வெள்ளைப் பூச்சு காரத்தன்மை உடையது, கையில் படாமல் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நுண்ணிய எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மேலே மெல்லிய பூச்சாக வாசலின் தடவிவிட்டால் ஈரம் அண்டாது. ஒரு நாள் வெயிலுக்குப் பிறகும் செல்லில் 1 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் அதே அளவுள்ள புதிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுங்கள். டார்ச்சுக்குப் போடும் சாதாரணச் செல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், அது மின்னேற்றுவதற்கானது அல்ல, கசிந்து எல்லாவற்றையும் அரித்துவிடும்.

மூடும்போது ஒரு எச்சரிக்கை. என் முதல் விளக்கின் பெட்டியை, சந்தில்கூடக் காற்று புகாதபடி சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டுப் பெருமைப்பட்டேன். இரண்டே மாதத்தில் உள்ளேயிருந்த செம்புக் கம்பிகளெல்லாம் பச்சையாகிவிட்டன. வினிகர் நெடி வீசும் சிலிக்கான் பசை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது, அது செம்பைத் தின்றுவிட்டது. அதோடு பகல் சூட்டில் உள்ளே விரிந்த காற்று இரவில் குளிர்ந்து, ஈரத்தை நீர்த்துளியாக உள்ளேயே இறக்கியது, வெளியேற அதற்கு வழியும் இல்லை. நெடியில்லாத, நடுநிலையான வகைப் பசையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேற்புறத்தையும் பக்கங்களையும் அடைத்து, அடிப்புறத்தில் ஒரு குண்டூசித் தலை அளவுக்குத் துளை விடுங்கள். வயர் கீழ்ப்புறமாகவே நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் ஒரு வளைவாகத் தொங்கினால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

எங்கள் வீட்டுப் பின்புறம் கரடி வருகிறது. இந்த விளக்கைக் கண்டு விலகுமா?
– வாசகர், அரவேனு

விலகும் என்று நம்பி வெளியே போகாதீர்கள். எண்ணெய்யும் பழமும் குப்பையும் தேடி வரும் கரடிக்கு ஒரு சிறு விளக்கு தடையில்லை. கதவைத் திறக்கும் முன் சன்னலிலிருந்து முற்றத்தைப் பார்க்க உதவும் என்பதே அதன் பயன், அந்தப் பயன் சிறியதல்ல.

தெருவிளக்கு எங்கள் பேனலின் மேல் விழுகிறது. விளக்கு சில நாள் எரிவதேயில்லை. மேலும், இதை ஆண்டுக்கு எத்தனை முறை கவனிக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கேத்தி

தெருவிளக்கின் ஒளியில் பேனல் உற்பத்தி செய்யும் மின் மிகச் சிறியதுதான், ஆனால் டிரான்சிஸ்டரை மூடிவைக்க அந்தச் சிறு மின்னே போதும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 4.7 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், விளக்கை அணைத்துவைக்க இனி இருமடங்கு ஒளி தேவைப்படும். அப்போதும் சரியாகவில்லையென்றால் தெருவிளக்கு இருக்கும் பக்கம் மட்டும் ஒரு தகரத் துண்டை நிறுத்தி மறையுங்கள்.

கவனிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை போதும். உங்கள் ஊரில் மே மாதக் கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனலை ஈரத்துணியால் துடையுங்கள், பாசி பிடித்திருந்தால் சிறிது சோப்பு நீர் பயன்படுத்தலாம். கண்ணாடி மூடிய பேனல் பல ஆண்டு தெளிவாக இருக்கும். பசை ஊற்றிய மலிவுப் பேனல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மஞ்சளாகி ஒளியைத் தடுக்கும். அதை மிக நுண்ணிய நீர் எமரித்தாளால் தேய்த்து, உலர்ந்தபின் நிறமற்ற வார்னிஷ் ஒரு கை பூசினால் ஓரளவு மீளும். பிறகு நண்பகல் வெயிலில் பேனலைத் தனியாகக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அதன் மின்னோட்டத்தைப் பார்த்து, தேதியோடு பெட்டியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். புதிதில் 160 காட்டிய பேனல் 100-க்கு இறங்கியிருந்தால் அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடலாம்.

மூன்று செல்களின் வோல்டேஜையும் தனித்தனியே அளந்து, மற்ற இரண்டைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கிய செல் இருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு நலிந்த செல் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். கழித்த செல்களைத் தேயிலைச் செடியடியிலோ ஓடையிலோ எறிய வேண்டாம், அடுப்பிலும் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.